மேஸ்திரியும் பட்டரும்

1

இந்த வாரத்தோடு மைசூருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் முடிகின்றன. டொரண்டோவிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவே என் குறிப்புகளையும் நம் பத்திரிகை ஆசிரியர் போடுகிறார் என்பதில் எனக்குக் கூச்சம் உண்டு. அவர்கள் கடல் தாண்டியவர்கள். நான் மேட்டூர் வழியாகப் பாலாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டியவன். சாவடியில் காவலர் பேருந்துக்குள் ஏறி, இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குவார். அதுதான் என் கடவுச்சீட்டுச் சோதனை.

ஆனாலும் கரூரில் இருக்கும் நீங்கள் கேட்டால் சொல்வேன்: இதுவும் வெளிநாடுதான். பால்காரரிடம் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, கனவில் ஒரு மொழி என்று ஒரு நாளைக்கு மூன்று முறை நாக்கைக் கழற்றி மாட்டுகிறவன் வேறு எங்கே இருப்பதாகச் சொல்வது?

ஆண்டு நிறைவைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு மனம் வரவில்லை. அலுவலகத்தில் ஒரு பெண்ணின் வேலை என்னால் போக இருந்தது. அதைத்தான் எழுத முடிகிறது. கொஞ்சம் கணினிச் சமாசாரம் வரும். சமையலும் கொத்துவேலையும் தெரிந்தவர்களுக்குப் புரிகிற மாதிரியே எழுதுகிறேன்.

2

நான் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் அட்டையில் துளையிட்ட காலத்திலிருந்து வேலை பார்த்தவன். விருப்ப ஓய்வு பெற்ற பிறகு இங்கே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். மொத்தம் இருபத்தாறு பேர். என்னைத் தவிர மற்றவர்களின் சராசரி வயது இருபத்தேழு. எண்ணிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. வீட்டுப் படிகள், பேருந்தில் நிற்பவர்கள், சாப்பாட்டில் என் மகள் பேசும் தமிழ் வாக்கியங்கள். "எண்ணி எண்ணி என்னத்தக் கண்டீங்க?" என்று என் மனைவி சரசு கேட்பாள். இந்த முறை அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பெரிய நிரல் என்பது பல உறுப்புகள் சேர்ந்தது. ஒன்று நோயாளியின் பெயரைப் பதியும். ஒன்று ரசீது அச்சடிக்கும். ஒன்று வரிசை எண் கொடுக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு உறுப்பும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். பந்தியில் உட்கார்ந்தவர் ஊறுகாய்க்காக எழுந்து சமையலறைக்குப் போவது போல. ஒன்றை மாற்றினால் பத்து இடத்தில் இடிக்கும். ஆகவே நான் ஓர் ஏற்பாடு எழுதினேன். உறுப்புகள் எல்லாம் இலையில் உட்கார்ந்தபடி 'எனக்கு இன்னது வேண்டும்' என்று மட்டும் சொல்லும். வெளியிலிருந்து ஒருவர் அதைச் செய்து கொண்டுவந்து கொடுப்பார். இதற்குப் புத்தகங்களில் இன்னும் பொதுப்பெயர் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் என் ஏற்பாட்டுக்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தார்கள். யாராவது கேட்டால்தான் மேஸ்திரி ஆளை அனுப்பி வேலையைத் தொடங்குவார். கேட்கும் வரை ஒரு செங்கல்லையும் நகர்த்த மாட்டார். சிக்கனம். என் சுபாவமே அதில் இருந்தது.

எங்கள் அலுவலகத்தின் இன்னொரு மூலையில், புதிதாகச் சேர்ந்த மல்லிகா என்ற பெண் இதே காரியத்துக்கு வேறோர் ஏற்பாடு எழுதி வைத்திருந்தாள். நான் எழுதியது அவளுக்குத் தெரியாது, அவள் எழுதியது எனக்குத் தெரியாது. இருபத்தாறு பேர் உள்ள இடத்தில் இப்படியும் நடக்கும். அவளுடையதற்குப் பெயர் 'பட்டரு'. இங்கே கல்யாணச் சமையல்காரரை அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். பட்டர் விடியுமுன்பே பட்டியலில் உள்ள அத்தனையையும் சமைத்து இறக்கி வைத்துவிடுவார். அப்புறம் கதவைத் திறந்து பந்தி.

மல்லிகா ராமாபுரத்துக்காரி. கொள்ளேகாலம் தாண்டி மலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய வேளாண்மைக் குடும்பம். கன்னடத்தில் படித்தவள். தமிழ் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் கரூர்ச் சந்தையில் நிற்பது போல இருக்கும். சேர்ந்த முதல் நாள் என் மேஜைக்கு வந்து, "சார், நீங்களும் நம்ம பக்கமாமுங்க? சொல்லவே இல்லீங்களே!" என்றாள். எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவளை 'அம்மிணி' என்றுதான் கூப்பிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டு இங்கே வேறு யாருக்கும் திரும்பிப் பார்க்கத் தெரியாது.

3

என் மகள் கவிதாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நேற்றுச் சாப்பிடும்போது பதினேழு வாக்கியங்கள் பேசினாள். அதில் முழுத் தமிழ் நான்கு. "அப்பா, சும்னே டென்ஷன் ஆகாதீங்க, ஆமேலே பேசலாம்" என்பதை நான் தமிழில் சேர்க்கவில்லை; சும்மாவும் அப்புறமும் அதில் கன்னடம். சரசு சேர்க்கச் சொன்னாள்.

உங்களில் சிலர் கடிதத்தில் கேட்கிறீர்கள்: வீட்டில் தமிழ் பேசினால் குழந்தைக்கு வராதா? வரும். ஆனால் காவிரிக் கலவர நாட்களில், அவள் சிறு பெண்ணாக இருந்தபோது, "வெளியில தமிழ்ல பேசாத சாமி, அப்பாவ 'அண்ணா'ன்னு கூப்பிடு" என்று சொல்லி வைத்தவன் நான். இங்கே சில வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் எங்களை ஒரு வாரம் பொத்திப் பாதுகாத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கலவரம் முடிந்தது. கடைகள் திறந்தன. 'இனிமேல் பேசலாம்' என்று அவளிடம் நான் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை. யாரும் விலக்கிக்கொள்ளாத உத்தரவை அவள் இன்றுவரை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள்.

அதனால்தான் அலுவலகத்தில் மல்லிகாவின் பேச்சைக் கேட்பதற்காகவே ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவள் மேஜைப் பக்கம் போவேன். போன மாதம்கூட என் ரேஷன் அட்டைப் புராணத்தைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன். இங்கே அட்டை வேண்டுமென்றால் கரூரில் பெயர் நீக்கிய சான்று கேட்கிறார்கள். கரூரில் பெயர் நீக்க மைசூர் முகவரிக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். மைசூர் முகவரிக்கு அத்தாட்சி எது? மைசூர் ரேஷன் அட்டை.

"இது சுத்துங் சார்," என்றாள் மல்லிகா. "அவன் இவன எதிர்பாக்கறான், இவன் அவன எதிர்பாக்கறான். என்ற பட்டரா இருந்தா அடுப்பே பத்த வைக்க மாட்டாரு. 'மொதல்ல யாருன்னு சொல்லுங்கடா'ன்னு கரண்டியப் போட்டுட்டுப் போயிருவாரு."

"மேஸ்திரியா இருந்தா?"

"மேஸ்திரிங்களா? அவரு பன்னண்டு வருசமா பீடியப் பத்த வெச்சுட்டு உக்காந்திருப்பாருங்."

பக்கத்து மேஜைப் பையன்களுக்கு ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

4

இங்குள்ள ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். புறநோயாளிப் பதிவை என் மேஸ்திரியை வைத்து நான் செய்தேன். இரத்தப் பரிசோதனைக் கூடத்தையும் வார்டுகளையும் தன் பட்டரை வைத்து மல்லிகா செய்தாள். இரண்டும் வேறு வேறு கணினியில் ஓடுவதாகத்தான் திட்டம். கடைசியில் மருத்துவமனை ஒரே ஒரு சர்வர்தான் வாங்கியது. இரண்டையும் ஒரே நிரலாகச் சேர்த்து அதில் ஓட்ட வேண்டும் என்றார்கள்.

எங்கள் மேலாளர் மஞ்சுநாத் நல்ல மனிதர். யாரையும் முகம் சுளிக்க வைக்காதவர். மேஸ்திரியா பட்டரா, யாராவது ஒருவரை நீக்கிவிடுவோம் என்று அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அல்லது நானோ மல்லிகாவோ சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. தன்னுடைய பட்டரை நீக்கிவிடலாம் என்று அவளே சொல்லக் காத்திருந்தேன் என்பதே உண்மை. பெரியவர் மனம் நோகக் கூடாதென்று, தன்னுடையதைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை.

மஞ்சுநாத் முடித்து வைத்தார். "நோடி சார், இப்ரூ சேர்ந்து கெலச மாடலி. ஸொல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி." இருவரும் சேர்ந்து வேலை செய்யட்டும், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் பொறுப்பு என்றால் எங்கே இடிக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்கிற பொருளில் இடிக்கும். எங்கள் நிரலில் அது வரிசை எண் கொடுக்கும் உறுப்பு. இரத்தம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு கண்ணாடிக் குழாயின் மேலும் ஒட்டுகிற எண் அதிலிருந்துதான் வரும். காலையில் நேற்றைய கடைசி எண்ணை ஒருமுறை படித்துக்கொண்டு, அதன் பிறகு தன் மனதிலேயே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். அப்படிப்பட்டவர் இரண்டு பேர் இருந்தால் இருவரும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள்.

"எண் குடுக்கறத மேஸ்திரியே செய்யட்டுங் சார்," என்றாள் மல்லிகா. "பெரியவரு இருக்கறப்ப சின்னவரு கை நீட்டக் கூடாதுங்களே. பட்டரு வந்து கேட்டு வாங்கிக்குவாரு."

"சரி அம்மிணி. நான் பாத்துக்கறேன்."

"நீங்க சிரமப்படாதீங் சார், கேக்கறத நான் எழுதிக்கறேன்."

இந்த 'நான் பாத்துக்கறேன்' எங்கள் பக்கத்து வியாதி. பேருந்தில் இரண்டு சம்பந்திகள் ஏறினால் நடத்துனரிடம் ஆளுக்கு இரண்டு சீட்டு வாங்கி, நான்கு சீட்டோடு இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் இறங்கியிருக்கிறேன்.

சேர்த்து முடித்தோம். என்னுடைய உறுப்புகள் இருபத்து மூன்று, எண் கொடுப்பவரையும் சேர்த்து. அவளுடையவை பதினெட்டு. ஆக நாற்பத்தொன்று. ஒவ்வோர் உறுப்பும் உருவாகும்போது திரையில் ஒரு வரி வரும். ஒத்திகை ஓட்டத்தன்று எல்லாரும் பூந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் வழக்கம்போல அந்த வரிகளை எண்ணினேன்.

நாற்பத்திரண்டு.

மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டுதான். மல்லிகா நான்கு மேஜை தள்ளி நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால், கூடுதலாக வந்தது என்னுடையதாக இருந்துவிடும் என்று பயந்தேன். மறுநாள் மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்னவன் நான். ஒத்திகையில் புறநோயாளிகளை மட்டும்தான் பதிந்தோம், எண்கள் சரியாகவே வந்தன. ஏதோ ஒன்று இரண்டு முறை அச்சாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டாவது தடவையும் பூந்தி எடுத்தேன்.

5

மருத்துவமனையில் முதல் நாள் காலையிலேயே வெளிப்பட்டுவிட்டது. பதினொரு எண்கள் இரண்டிரண்டு பேருக்குப் போயிருந்தன. ஒன்று வெளியே வரிசையில் நின்றவருக்கு, இன்னொன்று வார்டில் படுத்திருப்பவருக்கு. ஒன்பதைப் பரிசோதனைக் கூடத்திலேயே கண்டுபிடித்தார்கள். இரண்டின் அறிக்கைகள் மாறிப் போயின. வார்டு மருத்துவர் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியதால் யாருக்கும் தவறான மருந்து போகவில்லை.

ஆனால் இரத்தத்தை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த ஒரு நடுத்தர வயதுப் பெண், மறுநாளும் வெறும் வயிற்றோடு பேருந்தேறி வந்தார். மன்னிப்புக் கேட்க மல்லிகாவும் நானும் போயிருந்தோம். "பர்வாகில்ல பிடி," என்றார் அந்தப் பெண், பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு. பரவாயில்லை விடுங்கள். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மல்லிகா ஓடிப்போய்க் காப்பி வாங்கி வந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அன்று மதியம் மஞ்சுநாத் அறையில் கூட்டம். நாங்கள் மூவர்தான். தவறான எண்கள் பரிசோதனைக் கூடத்துத் திரையிலிருந்து வந்தவை என்பதால் அவர் மல்லிகாவைப் பார்த்தே கேட்டார். "பட்டரு யாக்கெ தானே நம்பர் கொட்ரு?" பட்டர் ஏன் தானாக எண் கொடுத்தார்?

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள், "தப்பாயித்து சார், நந்தே," என்று சொல்லிவிட்டாள். தவறு நேர்ந்துவிட்டது, என்னுடையதுதான்.

அவள் வெளியே போன பிறகு மஞ்சுநாத் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். மல்லிகா சேர்ந்து ஆறு மாதம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதன் பிறகுதான் வேலை நிரந்தரம். மருத்துவமனைக்காரர்கள் பொறுப்பாளி யார், என்ன நடவடிக்கை என்று கேட்கிறார்கள். "கன்ஃபர்ம் மாடோது கஷ்ட சார்," என்றார். நிரந்தரம் செய்வது கஷ்டம். கைகளை விரித்தார். கூடுதல் வரியைப் பற்றி எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தேன்.

வாசலில் தேநீர்க் கடையில் அவளைப் பிடித்தேன்.

"உன்னோட தப்புன்னு ஏன் சொன்னே? பட்டர் மேஸ்திரிகிட்டக் கேக்கவே இல்லியா?"

"கேட்டாருங் சார். விடியறதுக்கு முன்னாலயே போயிக் கேட்டாரு. மேஸ்திரி இல்லைன்னுட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் புறநோயாளி வந்து நிற்கும் வரை மேஸ்திரி எதையும் செய்திருக்க மாட்டார். தன் உறுப்புகள் கேட்டால்தான் அவர் செய்வார்; வெளியாளான பட்டர் கேட்டபோது, தன்னிடம் இன்னும் இல்லாததை 'இல்லை' என்றிருக்கிறார். யார் கேட்டாலும் செய்து கொடுக்க வேண்டும் என்று நான்தான் எழுதியிருக்க வேண்டும். பட்டர் தன் பங்குக்கு ஒன்று செய்துகொண்டார். எட்டு மணிக்கு முதல் நோயாளி வந்ததும் மேஸ்திரியும் ஒன்று செய்தார்.

"இல்லைன்னா அங்கயே நின்னுரணும்னுதான் மொதல்ல எழுதுனனுங்," என்றாள் மல்லிகா, தேநீரை ஆற்றிக்கொண்டே. "செவப்பு எழுத்துல வரும், 'மேஸ்திரி தரவில்லை'ன்னு. அப்பறம் எடுத்துட்டேன்."

"ஏம்மா?"

"அத்தன பேரு பாக்கற திரைங் சார். பசங்க கேலி பண்ணுவானுங்க. உங்களப் போயி அப்படிக் காட்டறது நல்லாவா இருக்கும்? சத்தமில்லாம நாமளே ஒண்ணு செஞ்சுக்கலாம்னு விட்டுட்டேன். அது என்ற தப்புதானுங்களே?"

"இல்ல அம்மிணி."

"விடுங் சார். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல. எனக்கு வேற எடம் கெடைக்கும். பெங்களூர்ல இப்ப ரெண்டாயிரமாவது வருசத்துப் பிரச்சினைக்கு ஆள் ஆளா எடுக்கறாங்களாம்." பெங்களூர் என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பா அனுப்ப மாட்டார் என்று முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். மைசூருக்கே மூன்று மாதச் சண்டைக்குப் பிறகுதான் விட்டாராம். வேலை போனால் ராமாபுரம், பிறகு கல்யாணம்.

நாற்பத்திரண்டைப் பற்றி அங்கேயும் நான் சொல்லவில்லை.

6

சரசுவிடம்தான் முதலில் சொன்னேன். ரசத்தை என் தட்டில் ஊற்றப் போனவள் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள ஒண்ணும் தெரியாம மரியாதைக்குச் செஞ்சுச்சு. நீங்க தெரிஞ்சே கம்முனு இருந்திருக்கறீங்க. ரெண்டும் ஒண்ணாங்க?"

கவிதா தலையை நிமிர்த்தினாள். "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்கப்பா." அன்றைய முழுத் தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை மஞ்சுநாத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரியின் குறை, என் குறை என்று வரிசையாக. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார். பொய் சொல்லும் பெரியவரைப் பார்த்துச் செய்கிற புன்னகை. அதில் மதிப்பும் இருந்தது.

"சார், நிம்ம மனசு தொட்டது, பெரிய மனசு. தமிழ் பெண் என்று பாதுகாக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது," என்றார், எனக்காகச் சிரமப்பட்டு அரைத்தமிழில். நேற்று அவள் எனக்காகப் பழியை ஏற்றாள் என்று நான் சொன்னதையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் 'நான்தான், நான்தான்' என்றால் கேட்கிறவருக்கு எது நிஜம்? நாங்கள் நான்கு சீட்டோடு அவர் முன்னால் நின்றோம்.

வேறு வழியில்லை. அவர் கணினியிலேயே ஒத்திகை நாளின் பதிவைத் திறந்தேன். மல்லிகாவையும் கூப்பிடச் சொன்னேன். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிக் காட்டினேன். நாற்பத்தொன்று வரை வந்து, கடைசி வரியில் விரல் நின்றது. அதன் நேரம் மருத்துவமனையின் எட்டு மணி அல்ல, ஒத்திகை நாளின் பதினொன்றரை. மேஸ்திரி செய்த எண் கொடுப்பவர். அதற்கு வெகு மேலே, காலையிலேயே பட்டர் செய்த இன்னொருவர்.

"இதை அன்றைக்கே எண்ணினேன்," என்றேன் கன்னடத்தில். "இரண்டு முறை எண்ணினேன். தெரிந்தும் யாரையும் கேட்கவில்லை."

மஞ்சுநாத்தின் புன்னகை போய்விட்டது. இப்போது நம்பினார். மருத்துவமனைக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். மேஸ்திரியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பட்டரிடமே கொடுத்துவிடலாம் என்றேன். அதற்கும் சரி என்றார். மல்லிகாவை நிரந்தரம் செய்வதில் இனித் தடை இல்லை என்று அவளிடமே சொன்னார்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எதை எதிர்பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நன்றியை எதிர்பார்த்தேன்.

"எண்ணுனீங்களா சார்?" என்றாள். "அன்னைக்கேவா?"

"ஆமா அம்மிணி."

"நான் அங்கதான நின்னுட்டிருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே." பிறகு, "அந்தம்மா ரெண்டு நாளு பட்டினியா வந்துச்சு," என்றாள். மஞ்சுநாத்தின் அரைத்தமிழுக்கு எங்கள் பேச்சு எட்டவில்லை. அவரிடம் கன்னடத்தில் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மருத்துவமனைக்குப் போனேன். சொன்னேன். திட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. திட்டு வாங்குவது சுலபமான பகுதி.

மேஸ்திரியைக் கழற்றும் வேலையை மல்லிகாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இந்த வாரம் முழுக்கச் செய்தோம். என் இருபத்து மூன்று உறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பட்டரின் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவள் பொறுமையாகத்தான் செய்தாள். எந்தக் குறையும் சொல்லவில்லை. காப்பி வந்தால் என் கோப்பையை முதலில் நகர்த்தி வைத்தாள். ஆனால் முதல் நாளே கவனித்துவிட்டேன். "முந்தின்து யாவுது சார்?" என்று கேட்டாள். அடுத்தது எது? நான் தமிழில் சொன்னேன். அவள் கன்னடத்தில் சரி என்றாள். மறதியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் கன்னடம். பக்கத்து மேஜைப் பையன்களிடம் பேசுவது போலவே, மரியாதையான, இலக்கணமான கன்னடம். அவர்களுக்கு இப்போது எங்கள் பேச்சு முழுதாகப் புரிகிறது. திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

கேட்டுவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். என்னவென்று கேட்பது? அவளிடம் அதைக் கேட்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்?

நேற்று மாலை கடைசி உறுப்பையும் மாற்றினோம். எண் கொடுப்பவர். அவள் வரியைத் தட்டி, ஓட்டிப் பார்த்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"அவ்வளவுதானா அம்மிணி?" என்றேன்.

"அஷ்டே சார்," என்றாள்.